ஆளில்லாத கரை: 'மார்னிங் ஆஃப் தி எர்த்' படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

அலைச்சறுக்குப் படங்களைப் பற்றித் தமிழில் யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எழுத என்ன இருக்கு என்று கேட்பார்கள். நீலக்கடல், வெயில், ஒரு பலகை, பின்னணியில் ஒரு பாட்டு, அவ்வளவுதானே? எனக்கென்னவோ அந்த 'அவ்வளவுதானே'யில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. ஒரு தீவு, அதில் அமைதியான ஒரு கடற்கரை, அங்கே அலைமேல் ஒருத்தன். இந்தப் படிமம் அறுபது வருஷமாக உலகம் முழுக்க விற்பனையாகிறது. சுற்றுலா விளம்பரத்திலிருந்து கைப்பேசியின் முகப்புப் படம் வரை அதுதான். ஏதோ ஒரு காலத்தில் சிலர் உட்கார்ந்து செய்த படிமம் இது. செய்யப்பட்ட பொருள் என்றால் எப்படிச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது 'மார்னிங் ஆஃப் தி எர்த்'. ஆஸ்திரேலியரான ஆல்பி ஃபால்சன் ஒளிப்பதிவு செய்து இயக்கி, டேவிட் எல்ஃபிக்குடன் சேர்ந்து தயாரித்து 1972இல் வெளிவந்த படம். ஓட்டம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கதை கிடையாது, உரையாடல் கிடையாது, பின்னாலிருந்து விளக்கிச் சொல்லும் குரலும் கிடையாது. காட்சியும் பாட்டும் மட்டும்தான். அலைச்சறுக்குப் படங்களில் செவ்வியல் படம் எது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களில் இது கட்டாயம் இருக்கும்.

படம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாசகம் முக்கியமானது. இது ஒரு கற்பனை என்று அதுவே சொல்லிவிடுகிறது. கெட்டுப்போகாத மூன்று நிலங்களில் அலைச்சறுக்குக்காரர்கள் வாழ்ந்து, இயற்கையின் கடலில் விளையாடுவதாக ஒரு கற்பனை. மூன்று நிலங்கள் எவை? ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை, பாலித் தீவு, ஹவாய். 'கற்பனை' என்ற சொல்லை நேர்மையாகப் போட்டதற்கு ஃபால்சனைப் பாராட்ட வேண்டும். எனக்கு இடறுவது 'கெட்டுப்போகாத' என்கிற சொல்தான். யார் பார்வையில் கெட்டுப்போகாத நிலம்? பாலிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். அந்தக் கரை ஆளில்லாமல் கிடக்கவில்லை, படம்தான் அதை ஆளில்லாத கரையாக ஆக்கிக் காட்டுகிறது என்பது என் வாதம்.

முதலில், படம் ஏன் நல்ல படம்

சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப அழகான படம். இதை ஒத்துக்கொள்ளாமல் விமர்சனத்துக்குள் போவது நியாயமில்லை.

ஃபால்சனும் எல்ஃபிக்கும் ஜான் விட்சிக்குடன் சேர்ந்து 1970இல் 'டிராக்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்கள். அந்த வருஷங்களில் ஆஸ்திரேலியாவில் இருபது வயதுப் பையன்களைப் பிறந்த தேதி வைத்துக் குலுக்கிப் போட்டு ராணுவத்துக்கு எடுத்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம். 1972 டிசம்பரில் ஆட்சி மாறிய பிறகுதான் அந்த முறை ஒழிந்தது. நகரத்தையும் அலுவலகத்தையும் ராணுவத்தையும் விட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்ற ஆசைக்கு அன்று உயிர்பிழைக்கும் ஆசை என்றும் ஒரு அர்த்தம் இருந்தது. காய்கறி போட்டுச் சாப்பிடுவது, தன் பலகையைத் தானே இழைத்துக்கொள்வது, அலை வரும் நாளில் கடலில் இறங்குவது. படத்தின் ஆஸ்திரேலியப் பகுதியில் இந்த வாழ்க்கையை அவசரமில்லாமல் காட்டுகிறார்கள். ஒருவர் பலகையைச் செதுக்கும் காட்சியில் கேமரா அவர் கையைப் பார்க்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு தச்சரின் வேலையைப் பார்க்கிற மரியாதை அதில் இருக்கிறது.

அலைக்காட்சிகளிலும் அப்படித்தான். இந்த வகைப் படங்களின் வழக்கம், ஒருவர் விழுந்ததும் வெட்டி அடுத்தவருக்குத் தாவுவது. ஃபால்சன் தாவுவதில்லை. ஒரே அலையில் ஒரே ஆள் போகும் முழு நேரமும் நம்மைக் கூடவே வைத்துக்கொள்கிறார். மைக்கேல் பீட்டர்சன் பலகையைத் திருப்பும் ஒரு கணம் ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் பேசப்படுகிறது என்றால், அந்தத் திருப்பத்துக்கு முன்னும் பின்னும் இருந்ததைப் படம் வெட்டாமல் விட்டதும் ஒரு காரணம். பாடல் தொகுப்பும் தனியாகப் பெரிய வெற்றி பெற்றது.

இத்தனை பொறுமையான கேமரா இது. அதனால்தான் அது பார்க்காமல் விட்டது எது என்று கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. அவசரக்காரன் கவனிக்காமல் விட்டால் அது பழக்கதோஷம். பொறுமைக்காரன் விட்டால் அது தேர்வு.

உலுவாத்து: ஒரு கரை எப்படிக் காலியாகிறது

பாலியின் தெற்கு நுனியில் புக்கிட் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. புக்கிட் என்றால் குன்று. சுண்ணாம்புப் பாறை நிலம், வறண்ட மண். பாலி என்றதும் நமக்குத் தோன்றும் படிக்கட்டு நெல்வயல் இங்கே கிடையாது. அதன் தென்மேற்கு ஓரத்தில், கடலுக்கு மேலே கிட்டத்தட்ட எழுபது மீட்டர் உயரப் பாறை விளிம்பில், உலுவாத்து கோவில் நிற்கிறது. 'வாத்து' என்றால் கல், பாறை. 'உலு' என்றால் தலை அல்லது முனை. தீவைத் திசைக்கொன்றாகக் காக்கும் கோவில்களில் இதுவும் ஒன்று என்பது பாலி மக்களின் நம்பிக்கை. 11ஆம் நூற்றாண்டின் முனிவர் எம்பு குத்துரானையும், 16ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த நிரார்த்தரையும் இந்தக் கோவிலோடு சேர்த்து மரபுக்கதைகள் பேசுகின்றன.

கோவிலுக்குக் கொஞ்சம் வடக்கே பாறைக்கு அடியில் ஒரு குகை. அதன் வழியாக இறங்கினால் கடல். தெற்குப் பெருங்கடலின் புயல்களில் பிறக்கும் அலைத்தொடர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து இந்தப் பாறைத்திட்டில் மோதி, இடப்பக்கமாக நீளமாக உடைந்துகொண்டு போகும். மழையில்லாத மாதங்களில், அதாவது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தென்கிழக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைச் செங்குத்தாகத் தாங்கிப் பிடிக்கும். தூரத்துப் புயல், அடியில் பாறை, எதிர்க்காற்று. மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். உலுவாத்து அலையின் புகழுக்கு இதுதான் காரணம்.

1971இல் இந்த அலையில் அமெரிக்கரான ரஸ்டி மில்லரும், ஸ்டீவ் கூனி என்ற ஆஸ்திரேலியப் பதின்வயதுப் பையனும் சறுக்குவதை ஃபால்சன் படம் பிடித்தார். உலுவாத்து அலை முதன்முதலாகத் திரையில் வந்தது இங்கேதான் என்பார்கள். ஃபால்சன் கோவிலைப் பார்க்கத்தான் அங்கே போனார், அங்கிருந்துதான் அலையைக் கண்டார் என்பது பலரும் சொல்லும் கதை. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். 'கண்டுபிடிக்கப்பட்ட' அலைக்கு நேர் மேலே, பல நூறு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கோவில் நிற்கிறது!

சரி, படத்தில் என்ன நடக்கிறது? பாலி வாழ்க்கையின் துண்டுக் காட்சிகள் இருக்கின்றன. மக்களே வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நிலக்காட்சியின் பகுதியாக வந்து, நிலக்காட்சியோடு போய்விடுகிறார்கள். கடல் வந்ததும் கேமரா பாறை உச்சிக்குப் போகிறது. உயரத்திலிருந்து நீண்ட லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஃப்ரேமுக்குள் இருப்பது தண்ணீர், பலகை, ஒரு மனித உருவம். கரை என்பதே கிடையாது. கரை இல்லையென்றால் கரையில் இருப்பவர்களும் இல்லை. வேகத்தைக் குறைத்து ஓடவிடும்போது இந்த அலை எந்த நாளில், எந்த வருஷத்தில் உடைகிறது என்பதும் மறைந்துவிடுகிறது. மேலே பாட்டு ஓடுகிறது, ஆங்கிலப் பாட்டு. சட்டகம், வேகம், ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு இடத்தை இடமில்லாத இடமாக ஆக்கிவிடுகின்றன. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெறும் கைத்திறன்தான், அதிலும் உயர்ந்த கைத்திறன். ஆனால் விளைவு என்னன்னா, பார்ப்பவன் மனதில் 'அங்கே யாரும் இல்லை' என்று பதிந்துவிடுகிறது.

பேசிய படம், பேசாத படம்

இந்த மௌனத்தின் மதிப்பு புரிய வேண்டுமானால் இதற்கு முந்தைய பெரிய படத்தைப் பார்க்க வேண்டும். புரூஸ் பிரவுனின் 'தி எண்ட்லெஸ் சம்மர்' 1966இல் அமெரிக்கா முழுக்கத் திரையிடப்பட்டது. மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரண்டு கலிஃபோர்னிய இளைஞர்கள் கோடையைத் துரத்திக்கொண்டு செனகல், கானா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தஹித்தி, ஹவாய் என்று உலகம் சுற்றுகிறார்கள். பிரவுன் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வருகிறார். நகைச்சுவையான, நட்பான குரல். ஆனால் ஆப்பிரிக்கா வந்ததும், இதற்கு முன் இங்கே அலையில் யாரும் ஏறியதே இல்லை என்கிற தொனி வந்துவிடுகிறது. கானாவின் மீனவக் கிராமத்தில் சிறுவர்களும் பெரியவர்களும் கூடிப் பார்ப்பது வேடிக்கைக் காட்சியாகிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி ஒரு ஜோக்காக மட்டும் வந்துபோகிறது.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1830களிலேயே ஜேம்ஸ் எட்வர்ட் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதே கானாவின் அக்ராவில் சிறுவர்கள் லேசான பலகையை வயிற்றுக்கடியில் வைத்துக் கடலுக்குள் நீந்திப்போய், அலைக்காகக் காத்திருந்து, அதன்மேல் ஏறிக் கரைக்கு வருவதை எழுதி வைத்திருக்கிறார். கெவின் டாசன் என்ற வரலாற்று ஆய்வாளர் 2018இல் வெளிவந்த 'அண்டர்கரண்ட்ஸ் ஆஃப் பவர்' நூலில் மேற்கு ஆப்பிரிக்க நீர்க்கலைகளின் பழைய சான்றுகளை விரிவாகச் சேர்த்திருக்கிறார். தஹித்தி இன்னும் பழசு. 1769 மே மாதம், குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸ் அங்கே ஆட்கள் பழைய ஓடத்தின் பின்பக்கத் துண்டை வைத்துக்கொண்டு பெரிய அலைகளில் விளையாடுவதை வியந்து குறித்தார். கலிஃபோர்னியாக்காரர்கள் வந்து சேர்வதற்கு இருநூறு வருஷம் முன்பு!

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஃபால்சன் மேம்பட்டவராகத் தெரிகிறார். யாரையும் கிண்டல் செய்யவில்லை, 'நாங்கதான் முதல்' என்று மார்தட்டவில்லை. பிரவுனின் குரலை எடுத்துவிட்டதே ஒரு நாகரிகம்.

இருந்தாலும் ஒரு சிக்கல். பிரவுன் பேசியதால் அவர் சொன்னது தப்பு என்று இன்று நாம் சான்று காட்டி மறுக்க முடிகிறது. பேசாத படத்தை எப்படி மறுப்பது? 'இங்கே யாரும் இல்லை' என்று ஃபால்சன் எங்கேயும் சொல்லவில்லையே. நாமே பார்த்து, நாமே நம்பிக்கொள்கிறோம். கிண்டல் செய்த படத்தில் கானாவின் மீனவர்கள் முகமாவது மிஞ்சியது. மரியாதையான படத்தில் பாலியின் அந்தக் கரையில் முகம் மிஞ்சவில்லை. இது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

1971இல் அந்தக் கரையில் யார் இருந்தார்கள்

படம் எடுக்கப்பட்ட காலத்துப் பாலியைக் கொஞ்சம் நிரப்பிப் பார்ப்போம்.

பாலி மரபில் மலைப்பக்கம் தெய்வத்தின் திசை, கடல்பக்கம் ஆபத்தின் திசை என்று ஒரு பிரிவினை உண்டு. அதை வைத்து, பாலிக்காரர்கள் கடலுக்குப் பயந்தவர்கள், கரையை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள் என்று அலைச்சறுக்கு எழுத்தில் அடிக்கடி சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஞேப்பி என்னும் மௌன நாளுக்கு முன்னால் கோவில் மூர்த்தங்களைக் கடற்கரைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சுத்திசெய்யும் மெலாஸ்தி சடங்கு நடக்கிறது. இறந்தவர் சாம்பலும் கடலுக்குத்தான் போகிறது. மீன்பிடிப்பவர்கள் இருந்தார்கள். நம் ஊரில் ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வருஷம் முழுக்கக் கூட்டம் இல்லாத கரை, யாருக்கும் வேண்டாத கரை என்று ஆகிவிடாது.

இரண்டாவது விஷயம் கனமானது. 1965 டிசம்பரிலிருந்து சில மாதங்களில் பாலியில் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களுக்கு வேண்டியவர்கள் என்றும் சந்தேகிக்கப்பட்டவர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 80,000 பேர் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு. அன்றைய மக்கள்தொகையில் இருபதில் ஒருவர். ஜெஃப்ரி ராபின்சனின் 'தி டார்க் சைட் ஆஃப் பாரடைஸ்' (1995) இதற்கான முக்கியமான நூல். கேமரா பாறை உச்சியில் நின்றது அதற்கு ஆறே வருஷம் கழித்து. அந்த வழியில் ஃபால்சன் சந்தித்த முப்பது வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த மாதங்கள் நினைவில் இருந்திருக்கும். அதைப் பற்றி வாய்விட்டுப் பேசும் துணிச்சல் சுகார்த்தோ ஆட்சியில் யாருக்கு இருந்திருக்கும்? வெளியூர்க்காரன் கண்ணுக்குத் தெரிந்த அமைதியில் எவ்வளவு பங்கு இயற்கையுடையது, எவ்வளவு பங்கு பயத்துடையது? படத்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 'கெட்டுப்போகாத' என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

மூன்றாவது விஷயத்தில் ஒரு முரண்நகை. அலைச்சறுக்கு பாலிக்குப் புதிதும் இல்லை. 1930களின் பிற்பாதியிலேயே ராபர்ட் கோக், லூயிஸ் கோக் என்ற அமெரிக்கர்கள் குத்தா கடற்கரையில் ஒரு சிறிய விடுதி நடத்தினார்கள். அவர்கள் ஹவாயில் கற்ற சறுக்குப் பலகை அந்தக் கரைக்கும் வந்தது. ஜப்பானியப் படையெடுப்போடு அது முடிந்தது. பிறகு 1966இல் சானூர் கரையில் பத்து மாடி பாலி பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. 1969இல் சர்வதேச விமானங்கள் இறங்கத் தொடங்கின. 1971இல், அதாவது ஃபால்சன் படம் பிடித்த அதே வருஷம், ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் பாலிக்கான சுற்றுலாப் பெருந்திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தது. பின்னணியில் உலக வங்கி. பெரிய ஹோட்டல்களை எங்கே குவிக்கலாம் என்று அந்தத் திட்டம் தேர்ந்தெடுத்த இடம் நூசா துவா. அது எங்கே இருக்கிறது தெரியுமா? அதே புக்கிட் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம்!

திட்டம் போட்டவர்களும் ஃபால்சனும் ஒருவரையொருவர் அறிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் இருவரும் ஒரே வறண்ட தீபகற்பத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: இங்கே யாரும் இல்லை, இடம் காலியாக இருக்கிறது. ஒருத்தர் அதில் சுதந்திரத்தைப் பார்த்தார், இன்னொருத்தர் அறை எண்ணிக்கையைப் பார்த்தார்.

பின்னால் நடந்தது எல்லோருக்கும் தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் வந்தார்கள். பெச்சாத்து கிராமத்துக்காரர்கள் கூலிக்குப் பலகை சுமந்தார்கள், குகைக்கு மேலே சாப்பாட்டுக் கடை போட்டார்கள். பாலிப் பையன்களும் அலை ஏறக் கற்றுக்கொண்டார்கள், அவர்களில் நல்ல சறுக்குக்காரர்கள் வந்தார்கள். இன்று பாறை விளிம்பு முழுக்க விடுதிகள். 2025 ஜூலையில், உலுவாத்துக்குச் சற்று வடக்கே பிங்கின் கடற்கரையில், பாறைச்சரிவில் இருந்த கடைகளையும் தங்குமிடங்களையும் சட்டவிரோதக் கட்டடங்கள் என்று சொல்லி அரசு இடித்தது. அவற்றில் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தியவையும் இருந்தன. விதிமீறல் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் கரையை மறுபடி 'பழையபடி' ஆக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி, பழையபடி என்றால் எந்த வருஷத்துப்படி? பலருடைய மனதில் இருக்கும் 'பழைய' உலுவாத்து ஒரு படத்தில் பார்த்த உலுவாத்துதான்.

"அலைப் படத்தில் அரசியல் எதுக்கு?"

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் எரிச்சலாகிவிட்டார். "ஏம்பா, அது ஒரு சர்ஃபிங் படம். அதுகிட்டப் போய் படுகொலை எங்க, உலக வங்கி எங்கன்னு கேட்டா எப்படி? அப்புறம் பூவைப் பத்திக் கவிதை எழுதினாலும் உர விலையைக் கேட்பே போலிருக்கே" என்றார்.

நியாயமான கேள்வி. நான் கேட்பது பாடம் நடத்தச் சொல்லி அல்ல. படத்தின் சொந்த அளவுகோலை வைத்துத்தான் கேட்கிறேன். ஆஸ்திரேலியப் பகுதியில் பலகை இழைப்பவர் கையை அத்தனை நேரம் பார்த்த கேமரா, பாலிக்கு வந்ததும் ஏன் எந்தக் கையையும் அப்படிப் பார்க்கவில்லை? மனிதன் இயற்கையோடு ஒத்து வாழ்வதுதான் கருப்பொருள் என்றால், அந்தத் தண்ணீரில்லாத புக்கிட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை விடப் பொருத்தமான ஆள் யார்? அவர்களை விட்டது அரசியல் குறை என்பதற்கு முன்னால் கலைக்குறை. படம் தன் கருப்பொருளை எதிரிலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டுவிட்டது.

ஹவாய்ப் பகுதிக்கும் இதையே சொல்லலாம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அலைமேல் நின்று வருவதை ஒரு பெருங்கலையாக வளர்த்தவர்கள் ஹவாய் மக்கள். அமெரிக்கா அந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டது 1898இல். அந்த நிலத்தையும் 'கெட்டுப்போகாத' பட்டியலில் போட்ட படம் வெளிவந்து நாலு வருஷத்தில், 1976இல், வெளியூர்ப் போட்டிகளும் வீரர்களும் தங்கள் கடலை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி ஹவாய்ச் சறுக்குக்காரர்கள் 'ஹூயி ஓ ஹே நாலு' என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஐசாயா வாக்கரின் 'வேவ்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' (2011) அந்தக் கதையைச் சொல்கிறது. அலைக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

வேறு மாதிரி எடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஆடம் பெஸ்ஸின் 'ஸ்பிளிண்டர்ஸ்' (2011) சான்று. இதுவும் வெப்பமண்டலத் தீவுதான், பாப்புவா நியூ கினியில் வானிமோ என்ற ஊர். 1980களில் ஒரு ஆஸ்திரேலிய விமானி விட்டுப்போன பலகையிலிருந்து அங்கே நவீன அலைச்சறுக்கு தொடங்கியது. அதற்கு முன்பே ஓடத்திலிருந்து பெயர்ந்த மரத்துண்டுகளில் ஊர்ப்பிள்ளைகள் அலை ஏறிக்கொண்டிருந்தார்கள், படத்தின் பெயரே அந்தத் துண்டுகளைக் குறிப்பதுதான். பேங்க்ஸ் 1769இல் பார்த்த ஓடத்துண்டு ஞாபகம் வருகிறதா? இந்தப் படத்திலும் அலைகள் அழகு. ஆனால் கரையில் இரண்டு குழுக்களுக்குள் சண்டை, அக்கா தங்கைக்குள் போட்டி, பெண்கள் மேல் நடக்கும் வன்முறை, பலகை யாருக்குக் கிடைக்கும் என்ற ஏக்கம். அலையில் ஒரு பெண் எழுந்து நிற்கும்போது, அவள் எதிலிருந்து எழுந்து நிற்கிறாள் என்று நமக்குத் தெரியும். அதனால் அந்த அலை உலுவாத்து அலையை விடச் சின்னதாக இருந்தாலும் பெரிதாகத் தெரிகிறது. கரை ஃப்ரேமுக்குள் வந்தால் அலையின் அழகு குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இந்தப் படம் பதில்.

நம்ம வீட்டுக் கடற்கரை

இதைத் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் இலக்கண மரபில் நெய்தல் திணை ஆளில்லாத நிலம் கிடையாது. கருப்பொருள் என்று பட்டியல் போடும்போது மரம், பறவை, தெய்வம், தொழில், பறை எல்லாம் வருகிற மாதிரி பரதவரும் வருகிறார்கள். உப்பு விற்கப்போகும் உமணர் வருகிறார்கள். வலை காய்கிறது, மீன் நாறுகிறது. கடலைப் பார்த்துக் காதலி இரங்குகிறாள் என்றால் அது ஆட்கள் வேலை செய்கிற ஒரு கரையில் நின்றுதான். அந்த மரபிலிருந்து வந்த நாம்தான் சினிமா டூயட்டில் கடற்கரையைத் துடைத்துக் காலியாக்கிவிட்டோம். இருவர் ஓடிவருவார்கள், பின்னால் ஒரு படகு அழகுக்கு நிற்கும், படகுக்காரர் இருக்க மாட்டார். கண்ணாடி ஃபால்சனுக்கு மட்டும் பிடித்தால் போதாது.

இது ரசனை விவகாரம் மட்டும் என்றால் இங்கேயே விட்டிருப்பேன். காலிக் கரை என்ற படிமத்துக்குக் கைகால் முளைத்த ஒரு இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் கிழக்கில் பொத்துவிலை ஒட்டிய அறுகம் குடா, உலகச் சறுக்குக்காரர்கள் தேடிவரும் கரை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் வட்டாரம். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு தடுப்பு வலயம் அறிவித்தது. மீனவர் தன் குடிசையைத் திரும்பக் கட்ட முடியாது, ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு உண்டு. நவோமி கிளைன் 'தி ஷாக் டாக்ட்ரின்' (2007) நூலில் அறுகம் குடாவை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதினார். கரையை வெற்றுத்தாள் ஆக்குவது என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். அந்த வலய விதிகள் பிறகு தளர்த்தப்பட்டன. ஆனால் அதுவரை கூடாரத்தில் காத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

ஒரு படம் இதற்குக் காரணம் என்று நான் சொன்னால் அது அபத்தம். ஃபால்சன் யாரையும் வெளியேற்றவில்லை. ஆனால் ஒரு கரையில் குடியிருப்பவனைப் பார்த்து 'நீ இங்கே இடைஞ்சல்' என்று ஒரு அதிகாரியால் கூசாமல் சொல்ல முடிகிறது என்றால், கேட்கிற மற்றவர்களுக்கும் அது இயல்பாகப் படுகிறது என்றால், ஆளில்லாத கரைதான் அழகு என்று நம் கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் நல்ல படங்களுக்குத்தான் பங்கு அதிகம். மோசமான படத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

'மார்னிங் ஆஃப் தி எர்த்' சீர்செய்யப்பட்ட பிரதியாக இப்போது பார்க்கக் கிடைக்கிறது. கட்டாயம் பாருங்கள். உலுவாத்துப் பகுதியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை பாட்டோடு, அலைக்காக. இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஃப்ரேமின் ஓரங்களை மட்டும். பாதை எங்கிருந்து வருகிறது, அதை யார் நடந்து நடந்து பாதையாக்கியிருப்பார்கள், கேமரா நிற்கிற பாறையில் அதற்கு முன் யார் நின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு. 'ஸ்பிளிண்டர்ஸ்' பற்றி இங்கே அவசரமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும், அடுத்து அதுதான்.